அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள்?

கரிசல்காட்டான் எழுதியது:

அக்கா மகள் ஒஹாயோவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. படிப்பு முடிந்ததும் பத்திரிகை நிருபராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் எந்நேரமும் பேப்பரும் கையுமாகத் திரிபவன் நான் ஒருவன்தான் என்பதால், "அந்தத் தொழிலில் ஆட்கள் எப்படி மேலே வருகிறார்கள், விசாரித்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை புலனாய்வு நிருபர் சீமோர் ஹெர்ஷுடையது. சிகாகோவில் அப்பாவுக்கு ட்ரை கிளீனிங் கடை. பையன் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் வெளியேற்றப்பட்டவர். 1959-இல் சிட்டி நியூஸ் பீரோ என்ற உள்ளூர்ச் செய்தி நிறுவனத்தில் நுழைந்தார். அப்புறம் தெற்கு டகோட்டாவில் யூ.பி.ஐ. செய்தி நிறுவனம், பிறகு ஏ.பி. செய்தி நிறுவனம், அங்கே ராணுவத் தலைமையகமான பென்டகன் செய்திகளைச் சேகரிக்கும் பீட். அதையும் விட்டு, 1968-இல் அதிபர் வேட்பாளராக நின்ற செனட்டர் யூஜீன் மெக்கார்த்தியின் தேர்தல் பிரசாரத்துக்குப் பத்திரிகைச் செயலாளர். 1969-இல், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் செய்த மை லாய் படுகொலை பற்றித் துப்பு கிடைத்தபோது அவர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை, தனி ஆள்.

அதில் குற்றம்சாட்டப்பட்ட லெப்டினன்ட் காலியின் வக்கீலைப் பார்க்க சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறார். வக்கீலின் மேசைமேல் குற்றப்பத்திரிகை கிடக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஹெர்ஷ், பேச்சுக்குக் குறிப்பு எடுப்பதுபோல, தலைகீழாகத் தெரியும் அந்தத் தாளை வரி வரியாகத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். 109 பேரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அடுத்து ஜார்ஜியாவில் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமுக்குள் நாள் முழுக்கச் சுற்றி அலைந்து காலியையே கண்டுபிடித்துப் பேசுகிறார். 'லைஃப்', 'லுக்' இரண்டு இதழ்களுமே கட்டுரையை வேண்டாம் என்றன. டிஸ்பாட்ச் நியூஸ் சர்வீஸ் என்ற சின்ன நிறுவனம் தலைக்கு 100 டாலர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளுக்கு விற்றது. 1970-இல் புலிட்சர், அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய பரிசு.

என் கேள்வி இதுதான். அந்த ஆள் உள்ளே போன வாசல் இன்னும் திறந்திருக்கிறதா?

டெஸ்க் தாத்தா எழுதியது:

இல்லை. மூடிவிட்டார்கள்.

சிட்டி நியூஸ் பீரோ 1890-இல் தொடங்கியது. சிகாகோப் பத்திரிகைகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து நடத்தின. காவல் நிலையம், நீதிமன்றம், பிணவறை, தீ விபத்து என்று ராத்திரி முழுக்க ஓடுவதற்குச் சின்னப் பையன்கள். சம்பளம் சொற்பம். விஷயத்தைப் போனில் சொன்னால் டெஸ்கில், அதாவது செய்தியை வாங்கிச் செப்பனிடும் மேசையில், இருப்பவர் குறுக்குவிசாரணை செய்வார். செத்தவரின் நடுப்பெயர் என்ன, கார் என்ன நிறம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. தெரியாது என்றால் திரும்பப் போய்க் கேட்டு வர வேண்டும். "உன் அம்மா உன்மேல் பாசமாக இருப்பதாகச் சொன்னால் அதையும் விசாரித்துப் பார்" என்ற வாசகம் அங்கேயிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். சிகாகோவின் பேர்போன பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ அங்கே இருந்தார், நாவலாசிரியர் கர்ட் வானெகட்டும் இருந்தார். 1999-இல் பழைய அமைப்பு கலைந்தது. 'சிகாகோ ட்ரிப்யூன்' நடத்திவந்த மிச்சமும் 2005-இல் போயிற்று.

முப்பது வருடம் தமிழ்ப் பத்திரிகை டெஸ்கில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு நிருபரை உருவாக்குவது தலையங்கமோ பேட்டியோ அல்ல. "திரும்பப் போய்க் கேட்டுட்டு வா" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சிகாகோவில் அதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது.

சந்தேகராமன் எழுதியது:

தாத்தா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் என்னவெல்லாம் கற்றுக்கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெர்ஷே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு வீடு எரிந்ததில் ஒரு குடும்பமே போய்விட்டது. இவர் பதறிப்போய் போனில் சொல்கிறார். செத்தவர்கள் கறுப்பர்களா என்று ஆசிரியர் கேட்கிறார். ஆமாம் என்றதும், ஒரு வரியில் முடிக்கச் சொல்லிவிட்டார். கார் என்ன நிறம் என்று கேட்ட அதே டெஸ்க்தான் இதுவும்.

வாசல் திறந்திருந்தது சரி, யாருக்கு? சிமியன் புக்கர் 1952-இல் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் முதல் முழுநேரக் கறுப்பின நிருபராகச் சேர்ந்தார். இனப் பாகுபாடு நடைமுறையில் இருந்த தலைநகரில் அவருக்கு டாக்சி நிற்காது, பல இடங்களில் சாப்பாடு கிடைக்காது. ஒரு செய்தியைச் சேகரிப்பதே போராட்டம். சுமார் இரண்டு ஆண்டில் விட்டுவிட்டுக் கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்', 'எபனி' பக்கம் போனார். 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்றபோது, சிதைந்த முகத்தோடு அந்த உடலின் படத்தை வெளியிட்டு நாட்டையே உலுக்கியது 'ஜெட்'. புக்கர் அந்தச் செய்தியை எழுதினார், கொலை வழக்கு விசாரணைக்கு மிசிசிப்பிக்கே போனார். பெரிய பத்திரிகையின் வாசலைவிட அவருக்கு வெளியே இருந்த வாசல்தான் பெரியதாக இருந்தது.

இதை எல்லாம் தாண்டி வந்தவர்களை விட்டுவிட்டு ராத்திரி வேலை பார்த்த பையன்களை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒவ்வாது.

நியூஜெர்சி நாகு எழுதியது:

ராமன் சொல்வது சரிதான், ஆனால் தாத்தாவின் பாயிண்ட் அதனால் விழுந்துவிடாது.

பாப் வுட்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படையில் 5 வருடம் இருந்துவிட்டு, எந்த அனுபவமும் இல்லாமல் 1970-இல் நேரே 'வாஷிங்டன் போஸ்ட்' வாசலில் போய் நின்றார். இரண்டு வாரம் சோதனைக்கு வைத்துப் பார்த்தார்கள். எழுதியது ஒன்றும் அச்சேறவில்லை. போய் எங்காவது கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அவர் போன இடம் மேரிலாந்தில் 'மான்ட்கோமரி கவுண்டி சென்டினல்' என்ற வாரப் பத்திரிகை. அங்கே ஒரு வருடம். 1971-இல் போஸ்டில் இடம். வாட்டர்கேட் ஊழலை அவரோடு சேர்ந்து எழுதிய கார்ல் பெர்ன்ஸ்டைன் வழி வேறு. 16 வயதில் 'வாஷிங்டன் ஸ்டார்' பத்திரிகையில் காப்பி பாய், அதாவது தாள்களை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு ஓடும் பையன். பட்டம் வாங்கவே இல்லை.

1972 ஜூன் 17, சனிக்கிழமை. வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் திருட்டு முயற்சி. கடைசியில் அதிபர் நிக்சனின் பதவியையே பறித்த ஊழல் வெளியே வரத் தொடங்கியது இதில்தான். முதல் நாள் செய்திக்குப் பைலைன், அதாவது எழுதியவர் என்று பெயர், யாருக்குத் தெரியுமா? ஆல்ஃப்ரட் லூயிஸ். 1935-லிருந்து போஸ்டுக்காகப் போலீஸ் பீட் பார்த்தவர், தானாக உட்கார்ந்து எழுதுகிற வழக்கமே கிடையாது. போலீஸ்காரர்களுக்கு நடுவே இருந்துகொண்டு போனில் சொல்வார், ஆபீஸில் இருப்பவர்கள் எழுதுவார்கள். அவரால்தான் நிருபர்களை நிறுத்திவைத்த கயிற்றைத் தாண்டி உள்ளே போக முடிந்தது. புதுப் பையனான வுட்வர்டை நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிடிபட்டவர்களில் ஒருவரிடம் நீதிபதி எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்க, அவர் வாய்க்குள்ளேயே சி.ஐ.ஏ. என்கிறார். முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்ததால் வுட்வர்டுக்கு அது கேட்டது.

இப்போது கரிசல்காட்டான் கேள்விக்கு வருகிறேன். 1855-இல் தொடங்கிய அந்த 'சென்டினல்' 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. வுட்வர்டைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்களே, இன்று அனுப்பினால் போய்ச் சேர அந்த இடமே இல்லை. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், அமெரிக்கச் செய்தித்தாள்களின் செய்திப் பிரிவுகளில் 2008-இல் சுமார் 71,000 பேர். 2020-இல் சுமார் 31,000.

தேன்மொழி_கோவை எழுதியது:

எல்லாரும் ஆண்களாகவே வருகிறார்களே! பெண்ணுக்கு வழி கேட்டு ஆரம்பித்த இழை இது.

பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளரான நோரா எஃப்ரான் 1962-இல் 'நியூஸ்வீக்' வார இதழில் வேலை கேட்டுப் போனார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்றார். இங்கே பெண்கள் எழுத்தாளர் ஆவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடிதம் பட்டுவாடா செய்யும் வேலை கொடுத்தார்கள், பிறகு பேப்பர் கத்தரிக்கும் வேலை. அங்கே பெண்கள் தகவல் திரட்டித் தருவார்கள், சரிபார்ப்பார்கள். எழுதுவதும் பெயர் வாங்குவதும் ஆண்கள். எஃப்ரான் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். 1962-63-இல் நியூயார்க் பத்திரிகைகள் 114 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகையைக் கிண்டல் செய்து வந்த ஒரு போலிப் பதிப்பில் எழுதினார். அதைப் பார்த்த அந்தப் பத்திரிகையின் முதலாளி டாரதி ஷிஃப், நம்மைக் கிண்டல் செய்யத் தெரிந்தவர்களுக்கு நமக்காக எழுதவும் தெரியும் என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

உள்ளேயே இருந்த மற்ற பெண்கள் என்ன செய்தார்கள்? 1970 மார்ச் 16. பெண்களின் கிளர்ச்சி என்று 'நியூஸ்வீக்' அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. எழுத உள்ளே தகுதியான பெண் இல்லை என்று வெளியிலிருந்து ஒருவரை அழைத்து எழுதவைத்திருந்தார்கள்! அதே நாள் பார்த்து, அங்கே வேலை பார்த்த 46 பெண்கள் பாகுபாட்டுக்கு எதிராகப் புகார் கொடுத்துப் பேட்டியும் கொடுத்தார்கள். வழக்கறிஞர் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன். முதல் ஒப்பந்தத்தை நிர்வாகம் ஒழுங்காக நிறைவேற்றாததால் இரண்டாம் முறையும் வழக்குப் போட வேண்டிவந்தது. கரிசல் அண்ணா, உங்கள் மருமகள் இன்று நிருபர் ஆவேன் என்று சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அதற்கும் முன்னால் நெல்லி பிளை. 1885-இல் பிட்ஸ்பர்கில், பெண்கள் வீட்டோடு கிடக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு பத்தி வந்தது. கோபத்தில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். எழுதியது யார் என்று ஆசிரியர் விளம்பரம் போட்டுத் தேடி, வேலை கொடுத்தார். 1887-இல் நியூயார்க் 'வேர்ல்டு' பத்திரிகைக்காகப் பைத்தியம்போல நடித்து மனநலக் காப்பகத்துக்குள் 10 நாள் இருந்து எழுதினார். 1889-இல் உலகைச் சுற்றக் கிளம்பி 72 நாளில் திரும்பினார்.

யாழ் வாசகன் எழுதியது:

தேன்மொழி அக்கா, ஒரு சின்னச் சேர்க்கை. அந்தப் பயணத்தில் நெல்லி பிளை எங்கட கொழும்பில்தான் மாட்டிக்கொண்டு நின்றவர். கல்கத்தாவிலிருந்து வர வேண்டிய 'நேபால்' கப்பல் பிந்திப்போனதால் ஐந்து நாள் காத்திருப்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கி, ரயிலேறிக் கண்டியும் போய்ப் பார்த்திருக்கிறார். போட்டிக்கு மறுபக்கமாக எலிசபெத் பிஸ்லண்ட் என்ற இன்னொரு பெண்ணை 'காஸ்மோபாலிட்டன்' அனுப்பியிருந்தது. அவருக்கு 76 நாள். நெல்லிக்கு உலகப் புகழ், பிஸ்லண்டை இன்று ஆர் நினைக்கிறார்கள்? நாலு நாள் வித்தியாசம்!

தேன்மொழி_கோவை எழுதியது:

@யாழ் வாசகன் கொழும்பு விஷயம் தெரியாது, நன்றி தம்பி.

அந்தப் புகழோடு அவர் வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே 'வேர்ல்டு'வை விட்டார், பிறகு மறுபடி சேர்ந்தார். 1895-இல் தன்னைவிட 40 வயது மூத்த தொழிலதிபரைக் கல்யாணம் செய்து, அவர் இறந்தபின் இரும்புப் பாத்திரத் தொழிற்சாலையை நடத்தினார். ஊழியர்கள் பணத்தைச் சுருட்டியதில் அது திவாலானது. ஐம்பது வயதில் முதல் உலகப் போரை ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து எழுதினார். 1922-இல் இறக்கும்வரை பத்தி எழுதித்தான் பிழைத்தார்.

சந்தேகராமன் எழுதியது:

பிழைப்பு! வாருங்கள் அதற்கு. எல்லாரும் புகழைப் பேசுகிறீர்கள், வாடகை யார் கட்டுவது?

2015-இல் கலிபோர்னியாவின் டோரன்ஸில் உள்ள 'டெய்லி ப்ரீஸ்' என்ற சின்னப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் கிடைத்தது. ஏழைப் பள்ளி மாவட்டம் ஒன்றின் தலைமை அதிகாரி ஒரே ஆண்டில் 6 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியதை வெளிக்கொண்டுவந்த செய்தி. மூன்று பேர் கூட்டாகச் செய்தது. அதில் ராப் குஸ்னியா என்ற நிருபர், பரிசு அறிவித்தபோது பத்திரிகையிலேயே இல்லை. வாடகை கட்டிக் கட்டுப்படியாகவில்லை என்று ஏற்கெனவே மக்கள்தொடர்பு வேலைக்குப் போய்விட்டிருந்தார். (பின்னாளில் சி.என்.என்-னில் புலனாய்வு நிருபராகத் திரும்பிவிட்டார், அது வேறு.)

மேகா ராஜகோபாலன் பெயரைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரு துள்ளல் வரும். ராய்ட்டர்ஸில் இருந்துவிட்டு 'பஸ்ஃபீட் நியூஸ்' என்ற இணையச் செய்தித் தளத்துக்குப் போனார். 2018-இல் சீனா விசாவைப் புதுப்பிக்கவில்லை. நாட்டுக்குள் போக முடியாத நிலையில், கட்டடக் கலைஞர் ஒருவரோடும் நிரலர் ஒருவரோடும் சேர்ந்து செயற்கைக்கோள் படங்களை அலசி, ஷின்ஜியாங்கில் உய்கர் முஸ்லிம்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம்களைப் பற்றி எழுதினார். 2021-இல் புலிட்சர். 2023-இல் 'பஸ்ஃபீட் நியூஸ்'ஸையே மூடிவிட்டார்கள். பரிசு வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

டெஸ்க் தாத்தா எழுதியது:

ராமா, சம்பளம் மட்டும் இருந்தால் போதுமா என்பதற்கு எதிர்க்கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஜோசப் மிட்செல். வட கரோலினாவில் பருத்தி, புகையிலை விவசாயக் குடும்பம். 1929-இல், பங்குச் சந்தை சரிந்த அந்த அக்டோபரில் நியூயார்க் வந்தார், 21 வயது. 'வேர்ல்டு', 'ஹெரால்ட் ட்ரிப்யூன்', 'வேர்ல்டு-டெலிகிராம்' என்று போலீஸ் நிலையம், கொலை, கேளிக்கை விடுதி எல்லாம் எழுதிவிட்டு 1938-இல் 'நியூயார்க்கர்' இதழுக்கு வந்தார். மீன் சந்தை ஆட்கள், மதுக்கடை முதலாளிகள், சிப்பி பிடிப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் அவருடைய ஆட்கள்.

அதில் ஜோ கூல்ட் என்ற ஒரு நாடோடி. நம் காலத்து மக்களின் பேச்சையெல்லாம் சேர்த்து மாபெரும் வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லித் திரிந்தவர். 1942-இல் மிட்செல் அவரைப் பற்றி எழுதினார். கூல்ட் இறந்தபின் 1964-இல் இரண்டாம் கட்டுரை. அந்த மாபெரும் வரலாறு அநேகமாக எழுதப்படவே இல்லை என்பதுதான் அதன் விஷயம். அதற்குப் பிறகு மிட்செலும் எதையும் பிரசுரிக்கவில்லை! 1996-இல் இறக்கும்வரை, முப்பது வருடத்துக்கும் மேலாக அலுவலகம் வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார், மாலையில் வீட்டுக்குப் போனார். சம்பளம் வந்துகொண்டே இருந்தது. யாரும் போய் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மாலை எடிஷன் போய்விடும், சீக்கிரம் கொடு என்று கத்துகிற ஒரு சீஃப் சப் (தலைமைத் துணையாசிரியர்) பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் நாலு கட்டுரை வந்திருக்குமோ?

நியூஜெர்சி நாகு எழுதியது:

தாத்தா, கத்துவதற்கு ஆளே இல்லாமல் 19 வருடம் விடாமல் எழுதியவரும் இருக்கிறாரே! ஐ. எஃப். ஸ்டோன், எங்கள் மாநிலத்துக்காரர். ஹேடன்ஃபீல்டில் 14 வயதிலேயே சொந்தமாகப் பத்திரிகை அச்சடித்தவர். 1952-இல் வேலை பார்த்த 'டெய்லி காம்பஸ்' மூடியது. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம், இடதுசாரி என்று பெயர் பெற்றவருக்கு யாரும் வேலை தரத் தயாரில்லை. 1953 ஜனவரியில் நாலு பக்க வார இதழைத் தானே தொடங்கினார். சுமார் 5,300 சந்தாதாரர், வருடம் 5 டாலர். கணக்கு வழக்கு, சந்தா எல்லாம் மனைவி எஸ்தர். 1971-இல் நிறுத்தியபோது சுமார் 70,000 சந்தா, விலை அதே 5 டாலர்.

காது சரியாகக் கேட்காது. அதனால் பேட்டியைவிட ஆவணங்களை நம்பினார். 1957-இல் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை. 200 மைலுக்கு மேல் அது எங்கும் பதிவாகவில்லை என்றது அணுசக்தி ஆணையம். அதாவது, ரகசியச் சோதனையைக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வீண். ஆனால் சோதனை நடந்த சமயத்தில் டொரன்டோவிலும் ரோமிலும் டோக்கியோவிலும் அதிர்வு பதிவானதாக வந்திருந்த இரண்டு மூன்று வரித் துணுக்குகளை ஸ்டோன் எடுத்துவைத்திருந்தார். நேரே அரசின் நில அளவைத் துறைக்குப் போனார், அங்கேதான் நிலநடுக்கக் கருவிகள். எந்த எந்த நிலையத்தில் பதிவானது என்று பட்டியலே கொடுத்துவிட்டார்கள். 2,000 மைலுக்கு அப்பால் அலாஸ்காவிலும் பதிவாகியிருந்தது. ஆணையம் அறிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டிவந்தது.

சந்தேகராமன் எழுதியது:

ஸ்டோன் அபூர்வம். அவரை உதாரணம் காட்டி இன்று ஒவ்வொருவரையும் "நீயே நியூஸ்லெட்டர் தொடங்கு" என்கிறார்கள். அவர் இதழ் தொடங்கும்போது முப்பது வருட அனுபவம் கையில் இருந்தது, மூடிப்போன பத்திரிகைகளின் சந்தாப் பட்டியலும் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவியிடம் என்ன இருக்கிறது?

கரிசல்காட்டான் எழுதியது:

அதைத்தான் கேட்கிறேன். இவளிடம் இருப்பது கல்லூரிப் பத்திரிகை மட்டும்தான். அது வாசலா, பொழுதுபோக்கா?

நியூஜெர்சி நாகு எழுதியது:

இன்றைய தேதியில் அதுதான் முதல் வாசல் என்பேன். ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகையில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் பல்கலைக்கழகத் தலைவரின் பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த கோளாறுகளைத் துருவி எழுதினான். 2023-இல் தலைவர் பதவி விலகினார், பையனுக்கு ஜார்ஜ் போல்க் பத்திரிகை விருது. அது பணக்காரக் கல்லூரி என்று ராமன் உடனே சொல்வார், அதனால் அயோவாவுக்கு வருகிறேன். 'டெய்லி அயோவன்' என்ற மாணவர் பத்திரிகையை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு, மவுண்ட் வெர்னனிலும் சோலனிலும் மூடும் நிலையில் இருந்த இரண்டு வாரப் பத்திரிகைகளை 2024-இல் வாங்கியது. மாணவர்களும் இப்போது அந்த ஊர்ச் செய்திகளை எழுதுகிறார்கள்.

அதே அயோவாவில் ஸ்டார்ம் லேக் என்ற சின்ன ஊர். ஆர்ட் கல்லனின் குடும்பம் நடத்திவந்த பத்திரிகை, 2017 வாக்கில் வாரம் இருமுறை, சுமார் 3,000 பிரதி. வயல்களிலிருந்து ஆற்றில் கலக்கும் நைட்ரேட் பற்றிய வழக்கில் கவுண்டிகளுக்கு (மாவட்ட நிர்வாகங்களுக்கு) ரகசியமாகப் பணம் கொடுத்தது யார் என்று தலையங்கத்தில் விடாமல் கேட்டு 2017-இல் புலிட்சர் வாங்கினார்.

படிப்பு முடிந்ததும் 'ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா'வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் இடம் பார்த்து, சம்பளத்தில் ஒரு பங்கையும் தருகிறார்கள். பெரிய பத்திரிகைகளின் கோடைகாலப் பயிற்சிக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே கெடு முடிந்துவிடும், அதைத் தவறவிடக் கூடாது.

சந்தேகராமன் எழுதியது:

அப்படியே, சேரும் இடத்தில் யூனியன் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பத்தி எழுத்தாளர் ஹேவுட் ப்ரூன் 1933-இல் பத்திரிகை ஊழியர் சங்கம் தொடங்கியது சும்மா இல்லை. பிட்ஸ்பர்கில் 'போஸ்ட்-கெசட்' ஊழியர்கள் மருத்துவக் காப்பீட்டுக்காக 2022 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 3 வருடம் ஓடியது.

டெஸ்க் தாத்தா எழுதியது:

நல்லது. தம்பி, அந்தப் பெண் இதுவரை எழுதியதில் மூன்று செய்திகளை எனக்குத் தனிமடலில் அனுப்பச் சொல். கட்டுரை வேண்டாம், கருத்து வேண்டாம், செய்தி. என் ஆங்கிலம் போதும். சிவப்பு மையில் திருப்பி அனுப்புவேன், அழக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவை.